உஸ்னியாவா, ஐஸ்லாந்து பாசியா? லைக்கன் சாறுகளில் எதை நம்பலாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். மருந்தென்று உள்ளே எடுக்கிற லைக்கன்களில் (பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர்கள்) ஐஸ்லாந்து பாசியை (அறிவியல் பெயர் செட்ராரியா ஐலாண்டிகா) மட்டும்தான் பெரிய தயக்கமில்லாமல் ஒத்துக்கொள்ள முடிகிறது, அதுவும் தண்ணீரில் ஊறவைத்தோ காய்ச்சியோ எடுத்த சாறாக இருந்தால். உஸ்னியா என்ற இன்னொரு லைக்கன் மேற்பூச்சுக்குச் சரி, செறிவாக்கி விழுங்கக் கூடாது. மற்ற லைக்கன்களைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது, விழுங்கத்தான் காரணம் கிடையாது.

"எல்லா லைக்கனுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் திறன் (செல்களைக் கெடுக்கும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறன்) உண்டு என்று ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றனவே?" என்று கேட்கலாம். சொல்கின்றனதான். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் டி.பி.பி.எச். என்ற வேதிப்பொருளை வைத்துச் செய்யும் சோதனைதான். கரும் ஊதா நிறக் கரைசல் ஒன்று, அதில் நிலையான ஃப்ரீ ரேடிக்கல் (எலக்ட்ரான் ஒன்று ஜோடியில்லாமல் நிற்கும் மூலக்கூறு) இருக்கும். லைக்கன் சாற்றை விட்டு, இருட்டில் அரை மணி நேரம் வைத்தால், சாறு ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ கொடுக்கக் கொடுக்க ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளப்பார்கள். ரேடிக்கலைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டதோ அதுதான் ஐ.சி.50, எண் சிறிதாக இருந்தால் திறன் அதிகம், பக்கத்தில் ஒப்பிட வைட்டமின் சி-யை வைத்திருப்பார்கள். நல்ல சோதனைதான், மலிவு, வேகம். ஆனால் அது நடப்பது மெத்தனால் நிறைந்த ஒரு குழாயில். குடல் அந்தப் பொருளை உறிஞ்சுமா, கல்லீரல் அதை என்ன செய்யும், செல்லுக்குள் போனால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று எதையும் அந்த மஞ்சள் நிறம் சொல்லாது.

இன்னொன்றும் உண்டு. லைக்கன் என்பது ஒரு பூஞ்சையும், பாசியோ சயனோபாக்டீரியாவோ சேர்ந்து வாழும் கூட்டுயிர். (1867இல் சைமன் ஷ்வெண்டெனர் இதைச் சொன்னபோது அந்தக் காலத்து லைக்கன் அறிஞர்கள் பலர் கடுப்பானார்கள்.) ஏறக்குறைய 20,000 இனங்கள், அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனித்துவமான வேதிப்பொருள்கள். மெதுவாக வளர்கிற, ஓடி ஒளிய முடியாத உயிர் என்பதால் புற ஊதா ஒளி, நுண்ணுயிர்கள், மேய வரும் பூச்சிகள் எல்லாவற்றையும் இந்த வேதிப்பொருள்களை வைத்துத்தான் சமாளிக்கிறது. வெயிலைத் தாங்க உதவும் அதே மூலக்கூறு கடிக்க வருகிறவனையும் விரட்டும். அதனால் ஆன்டிஆக்சிடன்ட் ஒரு பெட்டி, நஞ்சு வேறு பெட்டி என்று பிரிக்கப் போனால் கை தடுமாறும்.

சரி, உஸ்னியா. மரக்கிளைகளில் சாம்பல் பச்சைத் தாடியாகத் தொங்கும். ஈரமாக இருக்கும்போது ஒரு இழையை மெதுவாக இழுத்தால் மேல்தோல் துண்டு துண்டாக விட்டுப்போகும், உள்ளே வெள்ளை நிறத்தில் ரப்பர் போல இழுபடும் ஒரு நரம்பு தெரியும். உஸ்னியாவை அடையாளம் காணும் எளிய வழி இது. இதன் நாயகப் பொருள் உஸ்னிக் அமிலம், மஞ்சள் படிகம், 1844இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களை நன்றாக அடக்கும், அதனால்தான் களிம்புகளிலும் டியோடரன்ட்களிலும் இடம்பிடித்தது. அங்கேயும் சிலருக்குத் தோல் ஒவ்வாமை வரும் என்பது வேறு.

விழுங்கும்போது கதையே மாறுகிறது. உஸ்னிக் அமிலம் கொழுப்பில் எளிதாகக் கரையும் ஒரு பலவீன அமிலம். செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வைத் தாண்டி புரோட்டான்களைச் சுமந்துபோய்க் கசியவிடும். செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. ஆக வேண்டிய ஆற்றல் வெறும் வெப்பமாக வீணாகும். உடல் எடையைக் குறைக்கும் மாத்திரைக்காரர்களுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. 1930களில் டைநைட்ரோஃபீனால் என்ற பொருளை இதே கணக்கில் கொடுத்து, ஆட்கள் செத்து, 1938இல் அமெரிக்காவில் நிறுத்தினார்கள். பாடம் கற்றுக்கொண்டார்களா என்றால், இல்லை. சோடியம் உஸ்னியேட் கலந்த லிப்போகினெடிக்ஸ் என்ற எடைக் குறைப்பு மாத்திரையால் கல்லீரல் பழுதான செய்திகள் வந்து, 2001 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைச் சாப்பிடாதீர்கள் என்று எச்சரித்தது. அதில் காஃபின், யோஹிம்பின் என்று வேறு சரக்குகளும் இருந்தன, பழியை முழுக்க உஸ்னிக் அமிலத்தின் மேல் போட முடியாது என்று வாதாடலாம். ஆனால் உஸ்னிக் அமிலத்தைத் தனியாகவே எடை குறைக்க எடுத்து, கல்லீரல் செயலிழந்து, மாற்று அறுவை வரை போனதும் பதிவாகியிருக்கிறது.

இதில் எனக்குப் பெரிய வேடிக்கை என்னவென்றால், எலியின் கல்லீரல் செல்களில் உஸ்னிக் அமிலத்தைச் சேர்த்தால் ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஏறத்தான் செய்கிறது. எந்தக் கேட்டிலிருந்து காப்பாற்றும் என்று அட்டையில் எழுதுகிறார்களோ அதே கேட்டை உள்ளே போய் உண்டாக்குகிறது.

உஸ்னியா டீ குடிப்பவரும் அந்த மாத்திரைக்காரரும் ஒன்றா? இல்லை, இங்கேதான் கரைப்பான், அதாவது சாற்றை எந்தத் திரவத்தில் எடுத்தார்கள் என்ற கேள்வி வருகிறது. உஸ்னிக் அமிலம் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாது, அசிட்டோனில் நன்றாகக் கரையும். ஆல்கஹாலில் ஊறவைத்து எடுக்கும் டிங்சர் நடுவில் எங்கோ நிற்கும். ஒரே லைக்கன், மூன்று குப்பிகள், மூன்றும் மூன்று மருந்துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசிட்டோன் சாற்றின் எண்ணைக் காட்டிக் கஷாயத்தை விற்பதும் தவறு, கஷாயம் குடித்தவர் நன்றாக இருக்கிறாரே என்று டிங்சரைக் குடிப்பது அதைவிடத் தவறு.

இப்போது ஐஸ்லாந்து பாசி. பெயரில் பாசி என்றாலும் லைக்கன்தான். பழுப்பு நிறப் பட்டைகள், ஓரத்தில் சின்னச் சின்ன முள்மயிர். உலர்ந்த எடையில் ஏறக்குறைய பாதி லிச்செனின், ஐசோலிச்செனின் முதலிய பாலிசாக்கரைடுகள் (சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள்). காய்ச்சி ஆறவைத்தால் கூழாக உறையும். அந்தக் கொழகொழப்புதான் வேலை செய்கிறது: தொண்டையின் உள்தோலில் படலமாகப் படிந்து வறட்டு இருமலின் அரிப்பைத் தணிக்கிறது. கசப்பு அமிலங்களும் இருக்கின்றன, ஃப்யூமார்புரோட்டோசெட்ராரிக் அமிலம் என்று வாயில் நுழையாத பெயரோடு. கசப்பு பசியைத் தூண்டும். ஐரோப்பிய மருந்து முகமை இதற்குக் கொடுத்திருக்கும் அங்கீகாரமும் இவ்வளவுதான்: வறட்டு இருமலோடு வரும் வாய், தொண்டை எரிச்சல், தற்காலிகப் பசியின்மை. அதுவும் நீண்ட காலப் பயன்பாட்டின் அடிப்படையில்தான், மருத்துவச் சோதனையில் நிரூபித்தது என்று அல்ல. ஆன்டிஆக்சிடன்ட் என்ற பேச்சே அதில் கிடையாது. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆன்டிஆக்சிடன்ட் எண்ணை மட்டும் வைத்துப் பந்தயம் நடத்தினால் இந்தத் தண்ணீர்ச் சாறு பின்தங்கும், ஏனென்றால் அந்த எண்ணை உயர்த்தும் ஃபீனால் வகைகளை அசிட்டோனும் மெத்தனாலும்தான் நன்றாக இழுக்கும். தோற்றால் தோற்கட்டும்.

இதற்கும் ஒரு குறை உண்டு, அது சின்னக் குறை இல்லை. லைக்கனுக்கு வேர் கிடையாது, இலைகளின் மேல் இருப்பது போன்ற மெழுகுப் படலமும் கிடையாது. காற்றிலும் மழையிலும் வருவதை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும், ஈயம் காட்மியம் உட்பட. 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு கதிரியக்கச் சீசியம்-137 லைக்கன்களில் படிந்து, அவற்றைத் தின்ற கலைமான்களின் இறைச்சிவரை போனது. ஆகவே எங்கே பறித்தது, உலோகச் சோதனை நடந்ததா என்று தெரியாத பொட்டலம் ஐஸ்லாந்து பாசியாகவே இருந்தாலும் வேண்டாம்.

மற்ற போட்டியாளர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எவெர்னியா, அதாவது ஓக்மாஸ், வாசனைத் திரவியத் தொழிலின் செல்லப்பிள்ளை. அதன் அட்ரானோரின் வகைகள் சிதைந்து வரும் அட்ரானாலும் குளோரோஅட்ரானாலும் கடுமையான தோல் ஒவ்வாமையைக் கிளப்புவதால் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அவ்விரண்டையும் அழகுப் பொருள்களில் தடைசெய்ய விதி கொண்டுவந்தது. லெதாரியா வல்பினா கண்ணைப் பறிக்கும் மஞ்சள் பச்சை; வல்பினிக் அமிலம் என்ற நஞ்சு உள்ள இதை ஸ்காண்டிநேவியாவில் இறைச்சியில் வைத்து ஓநாய்களைக் கொன்றார்கள். போட்டிக்கே வரக்கூடாது. பெல்டிஜெரா 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மிளகோடு சேர்த்து வெறிநாய்க் கடிக்குக் கொடுக்கப்பட்டது, ஒரு பயனும் இல்லை. சயனோபாக்டீரியா சேர்ந்த இதுபோன்ற லைக்கன்கள் சிலவற்றில் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின்கள் இருப்பதை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது.

கட்டுரைகளைப் படிக்கும்போது ஒரு தந்திரத்தைக் கவனியுங்கள். ஹெப்-ஜி2 என்ற செல்வகை மனிதக் கல்லீரல் புற்றிலிருந்து எடுத்தது. லைக்கன் சாறு அதைக் கொன்றால் ஒரு கட்டுரை 'புற்றுநோய் எதிர்ப்புத் திறன்' என்று எழுதும், இன்னொரு கட்டுரை அதே செல்லை அதே எம்.டி.டி. சோதனையில் (எத்தனை செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று அளப்பது) கொன்றுவிட்டு 'கல்லீரல் நச்சுத்தன்மை' என்று எழுதும். இரண்டுக்கும் எண் ஒன்றாகவே இருக்கலாம்! பக்கத்தில் ஆரோக்கியமான செல்லையும் வைத்துச் சோதித்து, அது பிழைத்து புற்றுச் செல் மட்டும் செத்ததா என்று பார்த்திருந்தால்தான் முதல் தலைப்புக்கு ஏதாவது அர்த்தம். அந்த ஒப்பீடு இல்லாத கட்டுரையில் 'நம்பிக்கை தருகிறது' என்ற வரியைக் கண்டால் நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் அட்டையில் இனத்தின் முழுப் பெயர், எந்தக் கரைப்பானில் எடுத்தது, உஸ்னிக் அமிலம் எவ்வளவு என்ற மூன்றும் இருக்கிறதா பாருங்கள். வெறுமனே 'லைக்கன் சாறு' என்றிருந்தால் கீழே வையுங்கள். கல்லீரல் நோய் உள்ளவர்கள், தினமும் மது குடிப்பவர்கள், எடைக் குறைப்பு மாத்திரை எடுப்பவர்கள் உஸ்னிக் அமிலத்தின் பக்கமே போக வேண்டாம். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறவருக்குக் கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு, அந்தக் குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும், ஏனென்றால் சொல்லாவிட்டால் மருத்துவர் லைக்கனை யோசிக்கப் போவதில்லை.