எம்1 காரண்ட் திக்கியது, அளந்து பார்த்துச் சரிசெய்தார்

ஓஹாயோவில் எங்கள் ஊர்ப் பக்கம் தனியாளாகத் துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் என் எம்1 காரண்டைக் (இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவத் துப்பாக்கி) கொடுத்திருந்தேன். போன வாரம் திரும்பி வந்தது. காரண்ட் வைத்திருக்கிறவர்களுக்கு உதவும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

எட்டுத் தோட்டாக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் உலோகக் கிளிப்பைப் போட்டால் மூன்று நான்கு ஒழுங்காகச் சுடும், அப்புறம் விசையை இழுத்தால் வெறும் 'டிக்'. தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட் மூடியிருக்கும், உள்ளே தோட்டா இருக்காது, கிளிப்பில் மிச்சம் அப்படியே இருக்கும். முதலில் காட்டிய கடையில் ஆப்பரேட்டிங் ராடு (போல்ட்டை முன்னும் பின்னும் இயக்கும் கம்பி) தேய்ந்துவிட்டது, புதிது போடணும் என்றார்கள், அளந்துகூடப் பார்க்கவில்லை. அது இந்தத் துப்பாக்கியிலேயே விலை கூடின பாகங்களில் ஒன்று.

இந்தப் பெரியவர் போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறைக்குள் சுண்டுவிரலை விட்டுக் காலிதானா என்று பார்த்த பிறகுதான் பேசவே ஆரம்பித்தார். முதல் கேள்வி, என்ன தோட்டா போடுகிறீர்கள்? கடையில் கிடைக்கும் வேட்டைத் தோட்டாக்களில் பல இதற்கு அழுத்தம் அதிகம், ராடை வளைத்துவிடும். நான் இதற்கு ஏற்ற ராணுவத் தோட்டாவான எம்2 பால் ரகம்தான் போடுகிறேன் என்றதும் குழல் முனைக்குக் கீழே உள்ள கேஸ் சிலிண்டர் ஸ்குரூவைத் தொட்டார், கையாலேயே அரைச் சுற்று சுழன்றது! குழலில் இருந்து வரும் வாயு அந்த சிலிண்டரில் அடைபட்டு ராடைப் பின்னால் தள்ள வேண்டும், ஸ்குரூ தளர்ந்தால் வாயு கசிந்து போல்ட் பாதி வழியிலேயே திரும்பிவிடும். காலிக் கூடுகள் தூரப் போகாமல் என் காலடியிலேயே விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

அடுத்து ஸ்பிரிங். மேஜையில் வைத்து அளந்தார், 18¾ அங்குலம். புதிது 20 அங்குலத்துக்குப் பக்கத்தில் இருக்கும், 19க்குக் கீழே வந்தால் மாற்றிவிட வேண்டும் என்றார். காரண்டில் போல்ட்டை முன்னால் தள்ளுவதும் கிளிப்பில் உள்ள தோட்டாக்களை மேலே தூக்குவதும் இந்த ஒரே ஸ்பிரிங்தான். அது சோர்ந்தால் தோட்டா மேலே வருவதற்குள் போல்ட் தாண்டி ஓடிவிடும்.

பிறகு ஸ்பிரிங் இல்லாமல் ராடையும் போல்ட்டையும் மாட்டி, துப்பாக்கியை முன்னும் பின்னும் சாய்த்தார். தன் எடையிலேயே வழுக்கி ஓட வேண்டிய ராடு நடுவில் ஓரிடத்தில் தயங்கியது. கிட்டே பார்த்தால் ராடில் நகக்கண் அளவுக்கு ஒரு பளபளப்பு, துப்பாக்கியின் மரக்கட்டை உரசிய தடம். மரத்தை மட்டும் மெல்ல இழைத்தார். ராடை நிமிர்த்தவில்லை, அதன் வளைவு வடிவமைப்பிலேயே உள்ளது. ராடின் பிஸ்டன் முனையை (சிலிண்டருக்குள் வாயு தள்ளும் நுனி) மைக்ரோமீட்டரில் அளந்து எனக்கும் காட்டினார், 0.525 அங்குலம். புதிது 0.526. மாற்றவே தேவையில்லை!

நான் இத்தனை நாள் எண்ணெய்தான் போட்டுவந்தேன், இதற்குக் கிரீஸ் வேண்டுமாம். போல்ட் ஓடும் தடத்தில் தடவிக் கொடுத்தார். சிலிண்டருக்குள் எதுவும் தடவக் கூடாது, உலர்ந்தே இருக்கணும்.

சனிக்கிழமை ஐந்து கிளிப் சுட்டேன், 40 தோட்டா, ஒரு தடங்கல் இல்லை. ஒவ்வொரு முறையும் எட்டாவதோடு கிளிப் 'டிங்' என்று எகிறி விழுந்ததைக் கேட்க அவ்வளவு சந்தோஷம்.

குறை என்றால், மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது, போனையும் லேசில் எடுக்க மாட்டார். ரொக்கம் மட்டும்தான் வாங்குகிறார். போகிறவர்கள் நீங்கள் வழக்கமாகப் போடும் தோட்டா ஒன்றையும் உங்கள் கிளிப்புகளையும் கையோடு கொண்டுபோங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்.