ஆக்சிஜனா, கந்தகமா? சிபிஜி ஆலிகோவுக்கு ஏற்ற சட்டகம் எது

காரைக்குடியில் ஆய்வு மாணவனாக இருக்கும் நான், எலியின் மேக்ரோபேஜ் என்னும் கிருமி விழுங்கும் செல்களைத் தூண்டுவதற்குச் சிபிஜி ஆலிகோ (டி.என்.ஏ.வின் எழுத்துகளான சைட்டோசினும் குவானினும் அடுத்தடுத்து வரும் குட்டையான செயற்கை இழை) வாங்க வேண்டியிருந்தபோது, அந்த எழுத்துகளைக் கோத்துத் தாங்குவது இயற்கையான பாஸ்போடைஎஸ்டர் சட்டகமா, கந்தகம் ஏற்றிய பாஸ்போரோதயோயேட் சட்டகமா என்று சில நாள் தயங்கினேன். கடைசியில் கந்தக வகையையே வாங்கினேன்; இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

பொதுவான செய்திகளைச் சுருக்கிவிடலாம். சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்கள் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் மெத்தில் என்ற சிறு வேதித்தொகுதி ஏறாமல் நிறைய உண்டு. பாலூட்டிகளில் அவை குறைவு, இருப்பவற்றிலும் பெரும்பாலானவை மெத்தில் ஏறியவை. இந்த வேறுபாடே நோய் எதிர்ப்புச் செல்களை எழுப்புகிறது என்று ஆர்தர் கிரீக் குழுவினர் 1995-இல் காட்டினர். அதை உணரும் ஏற்பி டி.எல்.ஆர்.9 என்பதை ஷிசுவோ அகிராவின் ஆய்வகம் 2000-இல் வெளியிட்டது. செயற்கையாகக் கோத்த 20 எழுத்து இழை ஒன்றே அந்த ஏற்பியை எழுப்பப் போதும். விலையில் பாஸ்போடைஎஸ்டர்தான் மலிவு.

ஆனால் டி.எல்.ஆர்.9 செல்லின் மேற்பரப்பில் இல்லை, உள்ளே, செல் விழுங்கியதை வைத்திருக்கும் எண்டோசோம் என்ற பையில் இருக்கிறது; எனவே இழை அங்கே போய்ச் சேரும்வரை பிழைத்திருக்குமா என்பதே முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி. வளர்ப்பூடகத்தில் நாம் சேர்க்கும் கன்றுச் சீரத்திலேயே டி.என்.ஏ.வை அரிக்கும் நியூக்ளியேஸ்கள் உள்ளன. சீரத்தை 56 பாகை செல்சியஸில் அரைமணி நேரம் சூடாக்கினாலும் அவை முழுதாக அடங்குவதில்லை. சீரத்தில் பாஸ்போடைஎஸ்டர் இழை நிமிடக்கணக்கில் சிதைகிறது. பாஸ்பேட்டின் ஓர் ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைத்த இழையோ பல மணி நேரம் தாங்குகிறது. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் அப்படியே நிற்க, பின்னால் மாற்றிப் போட்ட சட்டங்களை மட்டும் கறையான் அரித்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எங்கள் ஆய்வகத்து அண்ணன் ஒருவர், "மலிவுன்னு அதை வாங்கினா, திரும்பத் திரும்ப ஊத்திக்கிட்டே இருக்கணும் தம்பி" என்றார். அந்தக் கணக்கில் விலை வேறுபாடு பாதி கரைந்துவிடுகிறது.

கந்தக வகைக்கு மறைமுகச் செலவு ஒன்று உண்டு. அதன் சட்டகம் வரிசையைப் பொருட்படுத்தாமல் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே சைட்டோசின், குவானின் இரண்டையும் இடம் மாற்றிக் கோத்த ஒப்பீட்டு இழையையும் கந்தகச் சட்டகத்திலேயே வாங்க வேண்டும். சிக்கனம் பார்த்து ஒப்பீட்டு இழையை மட்டும் பாஸ்போடைஎஸ்டரில் வாங்கிய என் முதல் சோதனையில், தூண்டப்பட்ட மேக்ரோபேஜ்கள் வெளியிட்ட நைட்ரிக் ஆக்சைடு எழுத்து வரிசையால் வந்ததா, கந்தகத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. தவறு முழுக்க என்னுடையது.

பாஸ்போடைஎஸ்டருக்கு நியாயமான இடமும் இருக்கிறது. பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிட்டிக் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களிலிருந்து, வைரஸை எதிர்க்கும் புரதமான இன்டர்ஃபெரான் ஆல்பா மிகுதியாக வேண்டுமென்றால், நடுப்பகுதியைப் பாஸ்போடைஎஸ்டராக விட்டு, குவானின் தொடர்கள் உள்ள முனைகளை மட்டும் கந்தகமாக்கிய, 'ஏ' வகை எனப்படும் சிபிஜி ஆலிகோவே சிறந்தது.

மருந்தாக வந்ததில் முந்தியது கந்தக வகைதான். அமெரிக்காவில் 2017-இல் அனுமதி பெற்ற ஹெப்லிசாவ்-பி என்ற ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியில் எதிர்ப்பைத் தூண்டச் சேர்த்துள்ள சிபிஜி 1018, 22 எழுத்துள்ள பாஸ்போரோதயோயேட் இழை. பழைய ஹெபடைடிஸ்-பி ஊசி ஆறு மாதத்தில் மூன்று தவணை கேட்க, இது ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணையோடு முடிகிறது. நம் நாட்டில் 2022-இல் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் போட்ட கோவிட் தடுப்பூசியான கோர்பேவாக்ஸிலும் ஆலம் என்ற அலுமினிய உப்புடன் சேர்ந்து இருந்தது அதே சிபிஜி 1018தான்.

பக்கவிளைவுகளைப் பற்றி அழுத்திச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் அனுபவம் வளர்ப்புத் தட்டோடு நிற்கிறது. எலிகளுக்குச் சிபிஜி ஆலிகோவை நாள்தோறும் அதிக அளவில் செலுத்தியபோது நிணநீர் உறுப்புகளின் அமைப்பே குலைந்ததாக 2004-இல் வெளியான ஆய்வை வாசித்திருக்கிறேன். இரண்டு தவணைத் தடுப்பூசியை அதோடு நேராக ஒப்பிட முடியாது.

கோழித் தடுப்பூசிக்கு இதையே பயன்படுத்தலாமா என்று பண்ணை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் கேட்டார். கோழிக்கு டி.எல்.ஆர்.9 கிடையாது, அந்த வேலையை டி.எல்.ஆர்.21 செய்கிறது, ஆகவே எலிக்குப் பொருந்திய வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் புதிதாகத் தேர வேண்டும். சட்டகத்தை மட்டும் நான் மாற்றமாட்டேன்.