60 மணி நேர விரதமும் கையில் ஒட்டிய சர்க்கரை சென்சாரும்

14 நாளும் முடிந்து சென்சாரை நேற்றுதான் கழற்றினேன். கருவி நல்ல கருவி. அதனுடன் வரும் செயலி மீதுதான் எனக்குக் கோபம்.

எனக்கு 43 வயது. அப்பாவுக்கு நீரிழிவு இருந்ததால் எனக்கும் வந்துவிடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. ஒரு வருடமாகத் தினமும் 16 மணி நேரம் விரதம் இருக்கிறேன். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் இதை வாங்கினேன்.

ஒட்டும்போது வலியே இல்லை. முதல் நாள் எண்கள் தாறுமாறாக இருந்தன, மறுநாள் சரியாகிவிட்டது. இது இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள நீரில் இருக்கும் குளுக்கோஸை அளக்கிறது, அதனால் சில நிமிடம் பிந்தித்தான் காட்டும். அந்தக் கைப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இல்லாத தாழ்வைக் காட்டி அலாரம் அடிக்கும். இரண்டு இரவு அப்படி எழுந்தேன்.

எட்டாம் நாள் 60 மணி நேர விரதம் தொடங்கினேன், தண்ணீர் மட்டும். கோடு மெல்ல இறங்கி 68 பக்கம் நின்றது. மகிழ்ச்சியாக இருந்தது. விரதத்தை முடித்து, முந்தைய வாரம் சாப்பிட்ட அதே சாப்பாட்டை அதே அளவில் சாப்பிட்டேன். முந்தைய வாரம் 132 வரைதான் ஏறியது. இப்போது 194! இறங்க மூன்று மணி நேரம் ஆனது. செயலி சிவப்பு நிறத்தில், இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடம்பு சரியாகச் செவிசாய்க்காத நிலை) கூடியிருக்கிறது, இந்த உணவைத் தவிர்க்கவும் என்றது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

நடந்தது இதுதான். நீண்ட விரதத்தில் இன்சுலின் தாழ்ந்துவிடுவதால் கொழுப்புத் திசு கொழுப்பு அமிலங்களை இரத்தத்தில் விடுகிறது. தசைகள் அவற்றை எரிக்கின்றன. மிஞ்சுவது தசை நாருக்குள்ளேயே சிறு துளிகளாகச் சேர்கிறது. கொழுப்பு எரியும்போது குளுக்கோஸ் எரிவதற்குத் தடை விழுகிறது. உயிர்வேதியியலாளர் பிலிப் ராண்டிலின் குழுவினர் 1963-லேயே இதை விளக்கிவிட்டார்கள். இருக்கும் கொஞ்சக் குளுக்கோஸை மூளைக்கு விட்டுக்கொடுத்துத் தசை ஒதுங்கிக்கொள்கிறது. திடீரென்று சாப்பாடு வந்தால் உடனே அது மாறிவிடாது, அதனால்தான் சர்க்கரை அவ்வளவு ஏறுகிறது. குளுக்கோஸ் தாங்குதிறன் பரிசோதனைக்கு (குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்துச் சர்க்கரையை அளப்பது) முந்தைய மூன்று நாளும் தினம் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சாப்பிடச் சொல்வதும் இதற்காகத்தான். விரதம் முடிந்த மூன்றாம் நாள் எனக்கு அதே சாப்பாட்டுக்கு 137 வந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

விரத நேரத்தை நான் செயலியில் பதிந்திருந்தேன். அதைக் கணக்கில் எடுக்காமல் இப்படி ஒரு தீர்ப்பைச் சொல்வது சரியா? சென்சார் இன்சுலினை அளப்பதே இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன், மருத்துவரைப் பாருங்கள் என்று ஒரு வரி பதில் வந்தது. என்னைப் போலப் பயந்து போகிறவர்களுக்கு இது போதாது.

16 மணி நேர விரத நாட்களில் எனக்கு இப்படி ஏறவே இல்லை. அப்புறம், இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் பேசாமல் விரதத்தில் இறங்க வேண்டாம். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

இன்னொரு சென்சார் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த முறை நீண்ட விரதம் இல்லை. சாப்பிட்டதும் 20 நிமிடம் நடந்து பார்க்கப் போகிறேன். வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.