கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்: முதல் பார்வை

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும்போது, வானம் தெளிவாக இருந்தால் எண்ணூர், திருவொற்றியூர் மொட்டைமாடிகளிலிருந்தே பார்த்துவிடலாம் என்பதால், வடசென்னைக்காரர்களுக்கு விண்வெளி அவ்வளவு தூரத்துச் சங்கதி அல்ல. மெக்சிகோவின் ஸ்குவாட் நிறுவனம் 2011இல் சோதனைப் பதிப்பாகவும் 2015இல் முழுமையாகவும் வெளியிட்ட இந்த விளையாட்டைத் தண்டையார்பேட்டையில் ஒரு கேமிங் சென்டரில் ஆடிப் பார்த்தேன்.

எரிபொருள் தொட்டி, எஞ்சின், பாராசூட் ஆகியவற்றை நாமே பொருத்தி, கெர்பின் என்னும் கோளிலிருந்து பச்சை நிறக் குட்டி மனிதர்களை அனுப்ப வேண்டும். எந்தப் பாகம் எப்போது இயங்கும் என்ற அடுக்குகளின் வரிசையைச் சரிபார்க்காமல் ஸ்பேஸ் பாரைத் தட்டினால், எஞ்சின் பற்றும்போதே பாராசூட்டும் விரிந்து மானத்தை வாங்கிவிடும்.

நேராக மேலே செலுத்தினால் போதும் என்றுதான் புதிதாக ஆடுபவர் நினைப்பார். ஆனால், 70 கிலோமீட்டர் உயரத்தில் காற்றுமண்டலம் முடிந்த பின்னும், பக்கவாட்டில் வினாடிக்கு ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் வேகம் இல்லையென்றால் கலம் திரும்ப விழுந்துவிடும். (பூமிக்கு அது சுமார் 7.8 கிலோமீட்டர், கெர்பினின் ஆரம் 600 கிலோமீட்டர்தான் என்பதால் நமக்கு இந்தச் சலுகை.) ஆகவே, கிளம்பிய சிறிது நேரத்திலேயே மூக்கைக் கிழக்கே சாய்த்து, உச்சிப்புள்ளியை நெருங்கும்போது எஞ்சினை மீண்டும் இயக்க வேண்டும், அப்போது வரைபடத் திரையில் வில்லாக வளைந்திருந்த நீலக்கோடு மெல்ல அகன்று கோளைச் சுற்றி மூடிக்கொள்வதைப் பார்ப்பதற்காகவே இதை வாங்கலாம்.

காட்சித்தரம் பழையது, பாகங்கள் பெருகப் பெருகக் கணினி திணறுகிறது. பிளஸ் ஒன் இயற்பியலில் ஈர்ப்பியல் படிப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சுட்டுத்தள்ள எதிரிகளைத் தேடுபவர்களுக்கு இது ஒத்துவராது.