ஹார்ட்விக் ஹாலா, ஹாடன் ஹாலா?

இரண்டும் இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள பழைய கல் மாளிகைகள். ஹார்ட்விக் ஹாலை 1590-களில் கட்டியவர் பெஸ் ஆஃப் ஹார்ட்விக் என்ற பெரும் செல்வச் சீமாட்டி. வடிவமைப்பு ராபர்ட் ஸ்மித்சனுடையது என்பார்கள். உள்ளூர் மணற்கல்லில் பிசகாத சமச்சீர், ஆறு கோபுரங்கள், உச்சியில் கல்லிலேயே செதுக்கிய பெஸ்ஸின் முதலெழுத்துகள் (தன்னடக்கம் கொஞ்சம் குறைவுதான்!). கண்ணாடி விலையுயர்ந்த காலத்தில் சுவரைவிட ஜன்னல் அதிகம் என்று பேசவைத்த வீடு. புகைபோக்கிகளை உள்சுவர்களில் அடக்கியதால்தான் வெளிச்சுவரை இவ்வளவு திறந்துவிட முடிந்தது. மாடி ஏற ஏற அறைகளின் உயரமும் கூடும். விருந்தினருக்கான பெரிய அறைகள் எல்லாவற்றுக்கும் மேலே.

ஹாடன் ஹாலில் இப்படி ஒரே திட்டம் கிடையாது. 12ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரை யார் யாரோ சேர்த்துக் கட்டியது. இரண்டு முற்றங்கள், நடுவே 14ஆம் நூற்றாண்டு விருந்துக்கூடம். 1700-களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 200 ஆண்டுகள் குடியிருப்பார் இல்லாததால் யாரும் புதுமோஸ்தருக்கு இடித்து மாற்றவில்லை. 1920-களில்தான் ரட்லண்ட் கோமகன் சீரமைத்தார்.

கட்டடக்கலை மூளையைப் பார்க்க ஹார்ட்விக். ஆனால் குடியிருக்கச் சொன்னால் நான் ஹாடனுக்கே போவேன். ஹார்ட்விக்கின் ஜன்னல்களுக்குப் பின்னால் குளிர்காலத்தை நினைத்தாலே நடுங்குகிறது.