குளச்சலில் ஒரு மனு எழுதும் கடை: வெளிநாட்டில் பிடிபட்டவர்களின் வீட்டார் கட்டாயம் போகவேண்டிய இடம்

குளச்சல் பேருந்து நிலையத்திலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால் வரும் ஜெராக்ஸ் கடைகளில் ஒன்று. பெயர்ப்பலகையில் டி.டி.பி., லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று வழக்கமானவைதான் எழுதியிருக்கும், மனு என்ற சொல்லே இருக்காது. கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. குறும்பனையிலோ வாணியக்குடியிலோ கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் ஆள் போன எந்த வீட்டில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

போன வருடம் என் மச்சினன் வேலை செய்த படகை, எல்லை தாண்டி வந்தது என்று சொல்லிப் பக்கத்து நாட்டுக் கடலோரக் காவல் படை பிடித்துவிட்டது. விசா ஒரு நாட்டில், அரபாப், அதாவது படகு முதலாளி, அந்த நாட்டுக்காரர், பிடித்துவைத்திருப்பது வேறொரு நாடு. நம் பக்கத்துப் பையன்களுக்கு இது எத்தனையோ முறை நடந்திருக்கிறது, இருந்தாலும் சொந்த வீட்டில் நடக்கும்போது கை கால் ஓடவில்லை. முதலில் ஒரு ஏஜென்டிடம் போனோம். 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மூன்று பக்கத்துக்கு மனு எழுதினார். குடும்பத்தின் கண்ணீர், கைக்குழந்தை, பிரதமர் கருணை காட்ட வேண்டும் என்றெல்லாம் இருந்தது, பாஸ்போர்ட் எண் இல்லை. அனுப்பியதும் அவன் வேலை செய்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு. பிடித்துவைத்திருக்கும் நாட்டில் உள்ள தூதரகத்துக்கு ஒரு வரி போகவில்லை. பதினோரு நாள் இப்படியே போனது.

அப்புறம்தான் இந்தக் கடை. அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், வளைகுடாவில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் டைப்பிஸ்டாகப் பல வருடம் இருந்தவர். மாமி உள்ளே நுழைந்ததுமே அழ ஆரம்பித்துவிட்டார். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, "அழுங்கம்மா, பரவாயில்ல. அழுதுட்டே சொல்லுங்க, பையன் ஏதாவது மாத்திரை சாப்பிடுறானா?" என்று கேட்டார். இத்தனை நாளில் ஒருவரும் கேட்காத கேள்வி. அவனுக்கு இழுப்பு உண்டு, பம்ப் இல்லாமல் ராத்திரி படுக்க முடியாது. மனுவின் முதல் பத்தியிலேயே அதைப் போட்டார். குற்றம் செய்தானா இல்லையா என்ற பேச்சுக்கு அந்த நாட்டு அதிகாரி ஆயிரம் பதில் வைத்திருப்பான், மூச்சு விட முடியாதவனுக்கு மருந்து கொடு என்று தூதரகம் கேட்டால் முடியாது என்று சொல்வது கஷ்டம், அந்தக் கதவு வழியாகத்தான் முதலில் உள்ளே போக வேண்டும் என்றார்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார், கோடு போட்டது. படகின் பெயர், பதிவு எண், எந்தத் துறைமுகத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது, அரபாப் பெயர், படகை ஓட்டும் ஸ்ராங்கு யார், கூட எத்தனை பேர், எந்தெந்த ஊர், கடைசியாக எந்த எண்ணிலிருந்து போன் வந்தது, எத்தனை நிமிடம் பேசினான் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார். தெரியாததை 'தெரியாது' என்றே எழுதுகிறார், ஊகித்து எதையும் நிரப்ப விடுவதில்லை. கூடப் பிடிபட்ட மற்ற ஆறு பேரின் வீட்டு எண்களையும் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, ஏழு பேர் விவரத்தையும் ஒரே பட்டியலாக்கினார். ஒருவனுக்காகத் தூதரகம் போனாலும் ஏழு பேரையும் பார்த்துவிட்டு வரட்டும் என்றார். இந்தப் பட்டியலுக்கு அவர் கொடுக்கும் மரியாதையை முதலில் நான் புரிந்துகொள்ளவில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் வேறு எது நின்றாலும் 2008 ஒப்பந்தப்படி ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் ஜூலை 1-ம் தேதியும் தங்களிடம் உள்ள கைதிகள், மீனவர்கள் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. பெயர் பட்டியலில் வந்துவிட்டால் அந்த ஆள் தன்னிடம் இல்லை என்று ஓர் அரசாங்கம் பிறகு சொல்ல முடியாது. 2020 ஊரடங்கில் ஈரானில் மாட்டிக்கொண்ட நம் பையன்களுக்காகக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து பெயர் பெயராக டைப் செய்தவர் இவர். அந்த ஜூலை 1-ம் தேதி ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் 687 பேரோடு தூத்துக்குடியில் வந்து நின்றது நம் கரையில் யாருக்கும் மறக்காது.

நாங்கள் 'உடனடியாக விடுதலை செய்ய உத்தரவிட வேண்டும்' என்று எழுதச் சொன்னோம். மாட்டேன் என்றுவிட்டார். எனக்குக் கோபமே வந்தது. "தம்பி, நம்ம அரசாங்கம் அவனுக்கு உத்தரவு போட முடியாது. கேட்கலாம், விடாமக் கேட்கலாம். அது எதைக் கேட்க முடியுமோ அதை நாம எழுதிக் கொடுக்கணும்" என்று சொல்லிச் சுவரைக் காட்டினார். அங்கே செல்லோடேப் போட்டு ஒட்டிய ஒரு தாள், ஓரமெல்லாம் பழுப்பேறி இருந்தது. தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவை அவரே தமிழில் எழுதிவைத்திருக்கிறார். வெளிநாட்டுக்காரரைப் பிடித்தால், தூதரகத்துக்குச் சொல்லும்படி கேட்க உனக்கு உரிமை உண்டு என்று அவரிடம் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும், அவர் கேட்டால் தூதரகத்துக்குச் சொல்லியாக வேண்டும், தூதரக அதிகாரி வந்து பார்க்கலாம், பேசலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம். பாகிஸ்தான் பிடித்துவைத்த இந்தியர் குல்பூஷன் ஜாதவ் வழக்கில் 2019-ல் சர்வதேச நீதிமன்றம் பாகிஸ்தான் மீறியதாகச் சொன்னது இந்தப் பிரிவைத்தான். ஆகவே எங்கள் மனுவில் கடைசியாக நின்றவை நாலு கோரிக்கைகள்: அதிகாரி நேரில் பார்க்க வேண்டும், குற்றச்சாட்டு எழுத்தில் வேண்டும், மொழிபெயர்ப்பாளரோடு வக்கீல் வேண்டும், மருந்து வேண்டும். முழு மனுவும் ஒரே பக்கம். பின்னால் பட்டியலும் பாஸ்போர்ட், விசா நகல்களும்.

அந்த ஒரு பக்கத்துக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லித்தான் அனுப்புகிறார். திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் ஒரு பிரதி, அயலகத் தமிழர் நலத்துறைக்கு ஒரு பிரதி, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் பதிவு, பிடித்துவைத்திருக்கும் நாட்டில் உள்ள தூதரகத்துக்கு மின்னஞ்சல். தூதரகம் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்குக் குறிப்பு ஒன்று எழுதும், அதற்கு நோட் வெர்பேல் என்று பெயர். எவ்வளவு பெரிய மனக்குறையாக இருந்தாலும் அது வாழ்த்துச் சொல்லித்தான் ஆரம்பிக்கும், உயர்ந்த மதிப்பைத் தெரிவித்துத்தான் முடியும். நடுவில் இருக்கும் ரெண்டு வரிதான் விஷயம். அந்த ரெண்டு வரியில் பாஸ்போர்ட் எண்ணும் தேதியும் சரியாக இருந்தால் எதிரே இருப்பவர் பதில் எழுதியாக வேண்டும், மொட்டையாக இருந்தால் விசாரிக்கிறோம் என்று வைத்துவிடுவார். இதைக் கேட்டபிறகுதான் அந்த ஏஜென்டின் மூன்று பக்கக் கண்ணீரை வைத்துத் தூதரகத்தால் என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு உறைத்தது.

ஊர்ப் பையன்கள் சாலை மறியல் போடலாம், டிவியைக் கூப்பிடலாம் என்று நின்றார்கள். தூதரக ஆள் முதல் முறை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், அதுவரை பொறுங்கள் என்றார் அண்ணன். 2014-ல் கொழும்பில் மரண தண்டனை விதிக்கப்பட்ட ராமேஸ்வரம் மீனவர்கள் ஐந்து பேரை எடுத்துக்காட்டினார். அக்டோபர் 30-ல் தீர்ப்பு, மேல்முறையீடு ஒரு பக்கம், டெல்லியும் கொழும்பும் பேசிக்கொண்டது இன்னொரு பக்கம், நவம்பர் முடிவதற்குள் இலங்கை ஜனாதிபதி மன்னித்து ஐந்து பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கத்தாரில் நம் முன்னாள் கடற்படையினர் எட்டுப் பேர் விஷயமும் அப்படித்தான். 2023 அக்டோபரில் மரண தண்டனை, டிசம்பரில் குறைப்பு, 2024 பிப்ரவரியில் விடுதலை. பிடித்துவைத்திருப்பவருக்கு விட்டுக்கொடுக்க இடம் வேண்டும், நாலு பேர் முன்னால் மூக்கை உடைத்துவிட்டால் அந்த இடம் போய்விடும் என்பது அவர் கருத்து.

இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை, அவரிடமே சொன்னேன். ஓர் ஆளை வெளியே எடுக்க ரகசியப் பேச்சு சரி. ஆனால் அந்த ஆளை மாட்டவைத்த சட்டத்தை மாற்ற நாலு பேர் நடுவில் உரக்கக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கத்தாரையே எடுத்துக்கொள்ளுங்கள், 2014-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் புகார் ஆகி, உலகம் முழுக்கப் பல வருடம் பேசிய பிறகுதான் 2020-ல் முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் வந்தது. இலங்கைப் போரில் நடந்த மனித உரிமை மீறல்கள் விஷயத்தில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில், இந்தியா 2012-லும் 2013-லும் தீர்மானத்தை ஆதரித்து ஓட்டுப் போட்டது, அந்த மார்ச் மாதங்களில் தமிழ்நாடு எப்படிக் கொதித்தது என்று நமக்குத் தெரியும். 2014-ல் ஒதுங்கிக்கொண்டது, 2021-லும் 2022-லும் ஒதுங்கியே நின்றது. கொழும்போடு இருக்கும் உறவைக் காப்பாற்றினால்தான் உள்ளே பேச முடியும் என்று டெல்லிக்கு ஒரு நியாயம் இருக்கலாம். செத்தவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த நியாயம் எனக்குப் போதவில்லை.

அண்ணன் சண்டைக்கு வரவில்லை. கடையில் கூட்டம் குறைந்திருந்தது. மானிட்டரைத் திருப்பி, ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் ஒவ்வொரு நாட்டையும் மற்ற நாடுகள் வரிசையாகக் கேள்வி கேட்கும் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினார். 2008-ல் ஆரம்பித்த முறை இது. ஒரு நாட்டுக்கு மூன்றரை மணி நேரம். 2022 நவம்பரில் இந்தியாவின் முறை வந்தபோது 130 நாடுகள் பேசின, ஆளுக்குச் சுமார் ஒரு நிமிடம்தான் வரும். நன்றி, பாராட்டு, அப்புறம் சட்டென்று ரெண்டு பரிந்துரை, அதோடு மைக் போய்விடும். கேட்கப்பட்ட நாடு ஒவ்வொன்றையும் ஏற்கிறோம் என்று சொல்லலாம், இல்லை குறித்துக்கொள்கிறோம் என்று சொல்லித் தள்ளிவைக்கலாம். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்துப் போட்டது, இன்னும் உறுதிசெய்யவில்லை, ஒவ்வொரு முறையும் யாராவது அதைக் கேட்கிறார்கள். சாத்தான்குளத்தை இத்தனை பக்கத்திலிருந்து பார்த்த நமக்கு அந்தக் கேள்வி அந்நியத் தலையீடாகத் தெரியவில்லை. "நாம போய்க் கேட்கிற இடத்துல நம்மளையும் கேட்பான், தம்பி. கேட்கட்டும்" என்றார். கடையில் எனக்கு மிகவும் பிடித்த பத்து நிமிடம் அது.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். பட்டியலில் ஒருவருடைய பாஸ்போர்ட் எண்ணில் 8-ஐ 3 என்று அடித்துவிட்டார். தூதரகத்திலிருந்து இப்படி ஓர் ஆள் இல்லையே என்று பதில் வந்தபிறகுதான் தெரிந்தது, ஒரு வாரம் வீணானது. அவரே எங்கள் ஊர்வரை வந்து அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்டார், திருத்தி அன்றே அனுப்பினார், காசு வாங்கவில்லை. இருந்தாலும் அச்சு எடுத்ததும் ஒவ்வொரு எண்ணையும் நகலோடு வைத்து நீங்களே விரல் வைத்துப் பார்த்துவிடுங்கள். சனிக்கிழமை போனால் ரெண்டு மணி நேரம் நிற்க வேண்டும், உட்கார ஒரே ஒரு ஸ்டூல். போனில் எதுவும் செய்யமாட்டார், நேரில்தான் வர வேண்டும். வயதானவர்களைத் தூத்தூர், வள்ளவிளையிலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டி வருவது லேசான காரியம் இல்லை, அந்தப் பக்கத்துக்கு வாரம் ஒருநாளாவது அவர் போனால் பெரிய உதவியாக இருக்கும்.

கட்டணம்: டைப்பிங், பிரிண்ட், ஸ்கேன் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 340 ரூபாய் ஆனது. மனு எழுதியதற்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. 'கண்டிப்பா வந்துடுவான்' என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, அப்படிச் சொல்லாததுதான் எனக்கு நம்பிக்கை தந்தது.

திருத்திய பட்டியல் போய் ஒன்பதாம் நாள், தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி ஏழு பேரையும் பார்த்தார். மச்சினனுக்குப் பம்ப் வாங்கிக் கொடுத்து, தன் போனிலிருந்தே மாமியிடம் பேசவைத்தார். "அம்மா, இப்ப மூச்சு முட்டல" என்றான், அவ்வளவுதான் பேச முடிந்தது. நாலு மாதம் கழித்து ஏழு பேரும் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினார்கள். டிக்கெட்டுக்கு இந்தியச் சமூக நல நிதியிலிருந்து கொடுத்தார்கள், 2009-லிருந்து அப்படி ஒரு நிதி இருப்பதும் அண்ணன் சொல்லித்தான் தெரியும், அதற்கான வரியையும் முதல் மனுவிலேயே சேர்த்திருந்தார்.

அரபாப் இன்னும் ஏழு மாதச் சம்பளம் தரவில்லை. அதற்கான இரண்டாவது மனு, இந்த முறை அவன் வேலை செய்த நாட்டில் உள்ள தூதரகத்துக்கு, போய்விட்டது. சம்பளச் சீட்டு இல்லாததால் வங்கிக் கணக்குப் புத்தக நகலும் அரபாப் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை எழுத்தாக்கிய தாளும் வேண்டும் என்றார். நீங்கள் போவதாக இருந்தால் இவற்றை முதல் நாளே எடுத்துக்கொண்டு போங்கள். காலை ஒன்பதரைக்குத் திறப்பார், ஞாயிறு விடுமுறை, செவ்வாயும் புதனும் கூட்டம் குறைவு.