பழைய அட்டை, புதுத் தட்டு: சல்சா எல்பி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம், சல்சா என்கிற லத்தீன் ஆட்டப் பாட்டின் பழைய எல்பி இசைத்தட்டுகளைச் சேர்க்கிற தமிழர் என்னைத் தவிர இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று போன வாரம்தான் தெரிந்தது. அதில் ஒருவர், “இங்கே நியூயார்க் பிராங்க்ஸ்ல ஒருத்தர் செத்துப்போன மாமாவோட கலெக்‌ஷனை விக்கிறாராம், விலை பரவாயில்ல” என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த மாமாவை எனக்குத் தெரியும். அவர் பெயரைச் சொல்லி என்னிடம் 430 டாலர் கறந்திருக்கிறார்கள். அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது எதிர் வீட்டுப் பெரியவரால். கொலம்பியாவில் காலி என்ற நகரத்துக்காரர். நான் அவரை மரியாதையாக ‘தோன்’ என்பேன், அவர் என்னை ‘வெசினோ’, அதாவது பக்கத்து வீட்டுக்காரரே, என்பார். அவர் ஊரில் நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் சுற்ற வேண்டிய தட்டை 45-இல் சுற்றவிட்டு ஆடுவார்கள் என்று சொன்னபோது கிழவர் அளக்கிறார் என்று நினைத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுபது வயதைத் தாண்டிய அந்தக் கால்கள் அந்த வேகத்துக்கு ஓடியதை நேரில் பார்த்தேன். மறுவாரமே டர்ன்டேபிள் வாங்கிவிட்டேன்.

இந்தத் தட்டுகளுக்கு ஏன் இந்த விலை என்று தெரிந்தால்தான் ஏமாற்று எப்படி நடக்கிறது என்று புரியும். சல்சா தட்டுகள் வெளியிட்ட ஃபானியா நிறுவனத்தை ஜானி பச்சேகோவும் ஜெர்ரி மசூச்சியும் 1964-இல் தொடங்கியபோது காரின் டிக்கியில் தட்டை அடுக்கிக்கொண்டு கடை கடையாகப் போய்ப் போட்டார்கள். வாங்கியவர்களும் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்ட வாங்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி வீட்டில் இருபது பேர் ஆடுவதற்கு வாங்கினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டு விழும் சேஞ்சர், தேய்ந்த ஊசி, ஊசி தாவாமல் இருக்க அதன் தலையில் ஒரு காசு (நம் ஊரிலும் நாலணா வைத்ததைப் பார்த்திருப்பீர்கள்), மேலே சிந்தின ரம். இத்தனையும் தாண்டி 1960-களின் தட்டு ஒன்று கீறல் இல்லாமல் கைக்கு வருவது குதிரைக்கொம்பு. அதைத்தான் ஒருவர் எனக்குக் கூடை நிறையக் காட்டினார். அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இடம், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளம். பச்சையும் வெள்ளையுமாகத் தரை ஓடு, ஒற்றை டியூப்லைட், பால் கிரேட்டுகளில் எல்பிகள். ஆள் நல்ல மரியாதை. காபி கொடுத்தார். மாமா போர்ட்டோ ரிக்கோவின் மயாக்வெஸிலிருந்து வந்தவர், தையல் ஃபேக்டரியில் உழைத்தவர், சம்பளத்தில் பாதியை இதில்தான் போட்டார், பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு கட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு என் அப்பாவின் ரெக்கார்டு பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. பேரம் பேசவே வாய் வரவில்லை. நடுவில் ஒரு தட்டைப் போட்டும் காட்டினார், சத்தம் சுத்தமாக இருந்தது. ஆனால் நான் வாங்கிப் போன மூன்றில் எதுவும் அந்தத் தட்டு இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

வாங்கியவை இவை. வில்லி கோலோனின் ‘எல் மாலோ’, 1967, 240 டாலர். பதினேழு வயதுப் பையனாக அவர் போட்ட முதல் எல்பி, ஹெக்டர் லாவோவின் குரல். எடி பால்மியேரியின் லா பெர்ஃபெக்தா குழு 1962-இல் அலெக்ரே நிறுவனத்துக்குப் போட்ட எல்பி, 120 டாலர். ஜோ கூபா செக்ஸ்டெட் டிக்கோ நிறுவனத்துக்கு 1966-இல் போட்ட எல்பி, ‘சீலே பிரிக்காதது’, 70 டாலர். பணத்தை பேபாலில் ‘நண்பர்கள், குடும்பத்தினர்’ வகையில் அனுப்பச் சொன்னார், கமிஷன் மிச்சமாம். அந்த வகையில் அனுப்பினால் வாங்குகிறவருக்கான பாதுகாப்பு கிடையாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மாமாவுக்காகக் கண் கலங்கினவரிடம் அதை எப்படிக் கேட்பது என்ற கூச்சம்.

வீட்டுக்கு வந்து தோனையும் கூப்பிட்டு, முதலில் ‘எல் மாலோ’வைப் போட்டோம். அட்டை அசல்தான், அதில் சந்தேகமே இல்லை. முதுகு நைந்து, ஓரம் பழுத்து, பின்பக்க மூலையில் யாரோ நீல மையில் ஒரு பெண் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். பாட்டு அருமையாக ஒலித்தது. ஒரு ‘டிக்’ சத்தம்கூட இல்லை. நான் பெருமையாகத் தோனைப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும் தட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து, காய்கறிக்காரர் பூசணியைத் தூக்கிப் பார்ப்பது போல இரண்டு தடவை மேலும் கீழும் அசைத்தார். பிறகு, “வெசினோ, மாவு நிறுக்கிற தராசு இருக்கா?” என்றார்.

தராசு 182 கிராம் காட்டியது. தன் வீட்டிலிருந்து 1970-களின் ஃபானியா தட்டு ஒன்றை எடுத்து வந்து வைத்தார். 121. 1960-களின் தட்டு இன்னும் கொஞ்சம் கனக்கும்தான், ஆனால் 180-ஐ ஒட்டி வருவது இந்தக் காலத்து மறுஅச்சின் எடை. எடையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டு, பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் இருக்கிற வழுக்கையான வளையத்தை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தார். இந்த எல்பியின் பட்டியல் எண் 337. அந்த வளையத்தில் 337 பொறித்திருக்க வேண்டும். எங்கள் தட்டில் ஏதோ தொழிற்சாலையின் ஆறு இலக்க எண் இருந்தது. லேபிளைப் பார்த்தால், பழைய லேபிளைப் படம் பிடித்து அச்சடித்தது போலப் பொடி எழுத்தெல்லாம் கசிந்திருந்தது. நல்ல அட்டையும் பாழான தட்டுமாக எங்கோ கிடைத்ததை வாங்கி, பாழானதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இருபத்தைந்து முப்பது டாலருக்குக் கிடைக்கிற மறுஅச்சை உள்ளே நுழைத்திருக்கிறார்கள். ‘எல் மாலோ’ என்றால் ‘கெட்டவன்’ என்று அர்த்தம். அதை அன்றைக்குத் தோன் சொல்லியிருக்க வேண்டாம்.

மறுஅச்சு கேட்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. மறுஅச்சு என்று சொல்லி மறுஅச்சு விலைக்கு விற்றால் நானே இரண்டு வாங்குவேன். மறுஅச்சும் மோசம், மற்ற நாட்டு உள்ளூர் அச்சும் மோசம் என்று சில பெரிய சேகரிப்பாளர்கள் மூக்கைச் சுளிப்பது எனக்குப் பிடிக்காது. தோனின் வீட்டில் பாதி கொலம்பியாவில் அச்சானவைதான்.

அடுத்தது பால்மியேரி. இது அசல் தட்டுதான், ஆனால் வேறு விதமான மோசடி. அந்த அடித்தளத்தில் கண்ணாடி போல மின்னியது. வீட்டில் உறையிலிருந்து உருவியதும் என் மனைவி, “என்னங்க இது, எலுமிச்சை வாசனை? மேசை தொடைச்ச மாதிரி இருக்கே” என்றாள். அவள் சொன்னது அப்படியே சரி. மர மேசைக்கு அடிக்கிற பாலிஷைத் தட்டில் தடவித் துடைத்திருக்கிறார்கள். பாலிஷ் வரிகளுக்குள் இறங்கி மெல்லிய கீறல்களை நிரப்பிவிடும், டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் ஊசிக்குத் தெரியும். அந்தக் குழுவில் டிரம்பெட் வரிசைக்குப் பதில் இரண்டு டிராம்போன், கூட ஒரு மரப் புல்லாங்குழல். அந்த டிராம்போன்கள் எழும்புவதற்கு முன்பே சத்தம் கம்பளிக்குள் போனது போல அமுங்கியது. தூக்கிப் பார்த்தால் ஊசி நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு பிசின் உருண்டை, தலைமயிரில் சிக்கின சூயிங்கம் மாதிரி. நான்கு தடவை கழுவியும் முழுதாகப் போகவில்லை. கழுவக் கழுவக் கீறல்கள்தான் வெளியே வந்தன. ஊசி மாற்றினது தனிச் செலவு, அந்த 430-இல் சேர்த்தி இல்லை.

சீல் பிரிக்காத ஜோ கூபா பற்றி என்ன சொல்ல. பிளாஸ்டிக் உறை புது பிஸ்கட் பாக்கெட் போல மொடமொடத்தது. ஐம்பது அறுபது வருடம் சுற்றியிருந்த உறை இறுகி அட்டை ஓரத்தையே வளைத்துவிடும். மேலும் அட்டையின் மூலை வெட்டப்பட்டிருந்தது, விற்காமல் தேங்கிய சரக்கைக் கழிவு விலைக்குத் தள்ளும்போது கம்பெனிகள் வெட்டிவிடுவது. வெட்டு அட்டையில் இருந்தது, மேலே இருந்த பிளாஸ்டிக்கில் இல்லை. அதாவது வெட்டின பிறகு சுற்றியிருக்கிறார்கள். இதைப் பிரிப்பதற்கு முன்னாலேயே பார்த்திருக்கலாம். பிரித்தேன். உள்ளே மெக்சிகோ மரியாச்சி குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டுகள்.

ஆளுக்குச் செய்தி அனுப்பினேன். “பழைய பொருள், உள்ளது உள்ளபடி விற்றது” என்று ஒரு வரி வந்தது, அதோடு என் நம்பரைத் தடுத்துவிட்டார். நியூயார்க் நகரத்தில் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது, ஆயிரம் டாலருக்குள் என்றால் கட்டணம் 15 டாலர்தான், வக்கீல் வேண்டாம். ஆனால் யார் மேல் போடுவது? என் கையில் இருந்தது ஒரு போன் நம்பரும் ஒரு செல்லப்பெயரும். மறுபடி அந்தக் கட்டடத்துக்குப் போனேன். அடித்தளம் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற அறை என்றார் காவலாளி.

எழுத்தில் தரம் கேளுங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சந்தையில் ‘நியர் மின்ட்’ (ஏறக்குறைய புதுசு), ‘விஜி பிளஸ்’ (‘வெரி குட் பிளஸ்’) என்று தரப் படிகள் உண்டு, அதில் ‘குட்’ என்றால் ஏறக்குறைய குப்பை என்று பொருள். என் ஆள் எந்தப் படியையும் எழுதித் தரவில்லை, ‘பியூட்டிஃபுல்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போதெல்லாம் நான் வீட்டுத் தராசையும் ஒரு சின்ன டார்ச்சையும் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். டார்ச்சைத் தட்டுக்குப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். ஒருவர் அதைப் பார்த்ததுமே “விற்பனைக்கு இல்லை” என்றார். இத்தனைக்கும் அதே பிராங்க்ஸில், ப்ராஸ்பெக்ட் அவென்யூவில், 1941-இலிருந்து லத்தீன் இசை விற்கிற காசா அமதேயோ என்ற கடை இருக்கிறது, அமெரிக்காவின் தேசிய வரலாற்றிடப் பட்டியலில் ஏறிய கடை. அதைத் தாண்டித்தான் நான் அந்த அடித்தளத்துக்கு நடந்து போனேன்.

போன வாரம் மாமா கலெக்‌ஷன் பற்றிச் சொன்ன அந்த நண்பர் காட்டிய விற்பனைப் படங்களில் அதே பச்சை வெள்ளைத் தரை ஓடு. மூலையில் அதே பால் கிரேட். மாமா மட்டும் இந்தத் தடவை மயாக்வெஸ்காரர் இல்லை, போன்சே ஊர்க்காரராம். தையல் ஃபேக்டரியை விட்டுவிட்டுக் கப்பல் துறைக்கு மாறியிருக்கிறார்.